கடைசி இடம்

கடலூரில் ஒரு செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைத் திலகவதி கவனித்துவந்தாள். வட்டாரக் கல்லூரிகளின் கால்பந்து அணிகளைப் புள்ளிக்கணக்கில் வரிசைப்படுத்தி, செவ்வாய்தோறும் பட்டியல் போடுவது அவள் வேலை.

பட்டியல் வெளியானதும் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றின் கோச் செம்பியன் அங்கிருந்தே போன் செய்வார்.

"என்ன மேடம், மூணாவதா இருந்த எங்கள ஆறாவதுல போட்டுட்டீங்க?"

"ரெண்டு மேட்ச் தோத்துட்டீங்க சார். நான் என்ன பண்றது?"

சீசனின் கடைசி வாரம் அவர் அணி பத்தாவது இடத்துக்கு இறங்கியது. அதுதான் கடைசி இடம். திங்கட்கிழமை, பட்டியல் அச்சுக்குப் போகுமுன்பே போன் வந்துவிட்டது.

"கடைசி எடம்னா வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு காலேஜ் கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டாரு மேடம். இன்னொரு வாட்டி கூட்டிப் பாருங்களேன்."

"நாலு வாட்டி கூட்டிட்டேன் சார்." அவள் குரல் உடைந்தது.

"அழுவாதீங்க மேடம். உங்க மேல தப்பு இல்ல."

பட்டியல் அப்படியே அச்சானது.

மறுநாள் சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, கூடத்தில் செம்பியன் உட்கார்ந்திருந்தார்.

"லிஸ்ட் போடறது என் பொண்டாட்டின்னு காலேஜ்ல கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல" என்று சிரிக்க முயன்றார். "நாளையிலேருந்து எனக்கு டிபன் கட்ட வேணாம், திலகா."