எதிர்மலை வெளிச்சம்

எதிர்மலையில் வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாக இருந்தது.

பாடசாலை ஜன்னலில் நின்ற வினோதா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது அவளுடைய அப்பா சிவசாமியின் கைவிளக்கு.

எதிர்மலையில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது, மண் சரியலாம் என்று மத்தியானமே எல்லோரையும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆட்களை ஏற்றிய லொறியில் மாட்டுக்கு இடமில்லை. கட்டிக் கிடக்கும் பசுவை அவிழ்த்துவிட்டு உடனே வந்துவிடுவதாகச் சொல்லி, பொழுது சாயும் நேரத்தில் அப்பா கிளம்பினார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? போனைக்கூட அம்மாவின் பையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

விளக்கு நிவாரணத்தில் கிடைத்தது. பெட்டரி கிடையாது. கைப்பிடியை அமுக்கினால் நாலு பக்கமும் பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும்.

போன வாரம்தான் அட்டன் டவுன் டியூஷனில் விஞ்ஞான சேர் இதைப் படிப்பித்தார். சில நட்சத்திரங்களும் இப்படித்தான் கூடிக் குறையும். மங்கலாகத் தெரிகிற நட்சத்திரம் சின்னதா, இல்லை தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆனால் அது துடிக்கிற வேகம் அதன் உண்மையான வெளிச்சத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கி வருகிறதோ, அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் பண்ணலாம்.

நட்சத்திரத்தில் மெதுவாகத் துடிப்பதற்குத்தான் வெளிச்சம் அதிகம். விளக்கில் வேகமாக அமுக்கினால் அதிகம். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

அப்பாவின் கை வேகம் மாறவே இல்லை.

வெளிச்சம் மட்டும் மங்கிக்கொண்டே போனது.

திரும்பி வருகிறவராக இருந்தால் அது கூடவேண்டும். இது லயத்தையும் தாண்டி, வெடித்த பக்கமாக மேலே போகிறது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

கணக்கு பிழைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது என்றும் சேர் சொல்லியிருந்தார். நடுவில் தூசி இருந்தால், கிட்ட இருக்கும் நட்சத்திரமும் தூரத்தில் இருப்பதுபோல மங்கலாகத் தெரியும்.

மலையில் தூசிக்கு எங்கே போவது? பனிமூட்டம்தான். வருஷம் முழுக்க எல்லோரும் திட்டித் தீர்க்கிற மூட்டம்.

"ஒங்கப்பா வர்றாங்களா பாரு புள்ள" என்றாள் அம்மா. மற்றப் பெண்களோடு அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வர்றாங்கம்மா. மூட்டமா இருக்கு, அதான் வெளக்கு மங்கலா தெரியுது."

அம்மா நம்பிவிட்டாள். அவருக்கென்று தேத்தண்ணியை ஊற்றி, ஆறிவிடாமல் ஒரு தட்டால் மூடி வைத்தாள்.

வினோதா ஜன்னலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பின்னால், மழை விட்ட எதிர்மலைக்கு மேலே, நட்சத்திரங்கள் ஒன்று பாக்கியில்லாமல் தெரிந்தன.