மூன்று மெகாஹெர்ட்ஸ்

மங்கையர்க்கரசியின் உள்ளங்கையில் இரண்டு ஆசிலேட்டர்கள் இருந்தன. தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத தகர டப்பிகள். ஒன்றில் நாலு மெகாஹெர்ட்ஸ் என்றும் மற்றதில் மூன்று என்றும் அச்சடித்திருந்தது. எதைச் செருகுகிறாளோ அதன் துடிப்பு வேகத்துக்குத்தான் அவள் ஆடி மாதத்திலிருந்து சால்டர் செய்த அந்தப் பழைய மாடல் கம்ப்யூட்டர் போர்டு ஓடும். போர்டின் சர்க்யூட் வரைபடம் நாலு என்றது. வரைபடத்துக்கு என்ன தெரியும்? இருவரும் படித்த காலத்தில் பாலிடெக்னிக் லேபிலும் எல்லா மெஷினிலும் நாலுதான். கடைசி மேசை மெஷினில் மட்டும், பூமிநாதன் வீடியோ கேம் போட்டிக்கு உட்காருவதற்கு முன்னால், அவள் யாருக்கும் தெரியாமல் மூன்றை மாற்றிவைத்தாள். திரையில் விண்கற்கள் மெதுவாக விழுந்தன, அவன் ஜெயித்தான். அவளைக் கல்யாணம் செய்து இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த ஸ்கோரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கவாதம் வந்து வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை.

அவள் மூன்றைச் செருகி அவனை ஆடக் கூப்பிட்டாள்.

ஆட்டம் தொடங்கும் சத்தம் வந்ததும் பூமிநாதன் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

"அன்னிக்கும் இதே அடிக்குரல்தான். பக்கத்து மெஷினெல்லாம் இதைவிட உச்சத்துல கத்துச்சு."

"அப்பவே தெரியுமா?"

"ஜெயிச்ச பிறகு எப்படிச் சொல்றது?"

அவள் சுவிட்சை அணைத்தாள். அவன் நடுங்கும் கையை மேசைமேல் எடுத்து வைத்தான்.

"அந்த நாலை மாட்டு, அரசி. ஒரு தடவை தோத்துப் பாக்கறேன்."