ஏழாவது டீம்

காலை எட்டே முக்காலுக்கு, ஒரு காலில் மட்டும் ஷூவோடு வாசலில் நின்று பீம்ராவ் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் கம்பெனியில் ஒரே சாஃப்ட்வேரை ஆறு டீம்கள் ஆளுக்கொரு பாகமாகச் செய்தன. ஆறையும் ஒன்றாக இழுத்துப்போவது அவன் வேலை.

"சொல்லு ராமசெல்வி. நேத்து என்ன முடிஞ்சுது? இன்னிக்கு என்ன? எதுனா தடை இருக்குதா?"

தினமும் முதல் பெயர் அவளுடையதுதான். அவன் மனைவி கார்குழலிக்கு வயிறு எரிந்தது.

"எவளுக்கோ இன்னா தடைன்னு கேக்குற. கட்டிகினவள ஒரு நாளாவது கேட்டுகிறியாய்யா?"

அவன் சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி அவனைத் திரும்பி வரவிடவில்லை.

இருபது நாள் கழித்து, அவன் ஆபீஸ் மேஜைச் சாமான்களோடு ராமசெல்வி வந்து அழுதாள். அந்த அழுகைகூடக் கார்குழலிக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு இன்னாம்மா கொறை? தெனம் உன்னாண்டதான மொத பேச்சு."

"எங்க டீம்தான் எப்பவும் பின்தங்கும்க்கா, அதான். நாங்கல்லாம் உங்களைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டோம்."

ஒரு சார்ட்டை விரித்தாள். ஆறு டீமுக்கு ஆறு வரிசை. ஏழாவதாக, 'குழலி'. அதில் பீம்ராவின் கையெழுத்தில் மஞ்சள் சீட்டுகள்: மிக்சி ரிப்பேர். காதுவலி, டாக்டர். அம்மா வீட்டுக்கு டிக்கெட். எதையும் கார்குழலி அவனிடம் கேட்டதில்லை. பாத்திரம் துலக்கும்போது முணுமுணுத்ததோடு சரி. வரிசையாக டிக் அடித்திருந்தது.

"இந்த வரிசையில ஒண்ணு நின்னாலும் எங்க மீட்டிங்கத் தள்ளிட்டுக் கிளம்பிடுவார்க்கா."

கடைசிச் சீட்டில் மட்டும் டிக் இல்லை: 'சமையல்கட்டுக் குழாய், வாஷர்.'

உள்ளே அது சொட்டிக்கொண்டிருந்தது.