பித்தளை வளையத்துக்கு வந்த வரன்

பழைய எண்ணெய் கறுத்துப்போனதால், கியர் பெட்டிக்குள் புது எண்ணெய் பார்க்கும் படலம் தொடங்கியது. முதலில் வந்தது லாரிகளில் ஓடிய கெட்டி எண்ணெய்.

"மலை ஏறும்போது பத்து டன் பாரத்தையே தாங்கியவன் நான்" என்றது அது. எஃகுச் சக்கரங்கள் சொக்கிப்போயின.

சக்கரங்களின் பற்கள் மோதாமல் நடுவில் நின்று இணக்கிவைக்கும் பித்தளை வளையத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, "பித்தளையோடு உங்களுக்கு ஒத்துப்போகுமா?" என்று கேட்டது.

"போன வண்டியிலும் ஒரு பித்தளை இருந்ததே. எங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது, அப்புறம் ஆளையே காணோம்."

"பார்த்தாயா, சண்டையே இல்லையாம்" என்று பூரித்தது பெரிய சக்கரம். "நீதான் கொஞ்சம் அனுசரித்துப் போகணும், கண்ணு."

"சரி பெரியப்பா" என்ற வளையம், அடுத்த முறை கியர் மாறும்போது ஓரமாக ஒதுங்கி நின்றது. சக்கரங்கள் கறகறவென்று மோதிக்கொண்ட சத்தத்தில், வெளியே தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது.

பெரிய சக்கரம் தன் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. பிறகு கெட்டி எண்ணெயிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னது:

"நாங்கள் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம்."