விருந்துக்கு வராத கருவி

போர்னியோவின் அந்த மலையூரில் மருத்துவர் வேலையைக் கருவிதான் பார்க்கிறது. "ரினிங், குழந்தைக்கு ஊசி போடணும், வாங்க" என்று கூப்பிட்டது.

குழந்தையோடு உட்கார்ந்திருந்த தாய் எழுந்திருக்கவில்லை. தலைப்பிள்ளை பிறந்ததற்காக, தங்கள் லுன்டாயே இன வழக்கப்படி, நேற்றுதான் ஊரைக் கூட்டி விருந்து வைத்துக் கணவனும் மனைவியும் புதுப்பெயர் எடுத்திருந்தார்கள்.

"இன்னைக்கு மட்டும் ரினிங்னு சொல்லிடேன்" என்றான் கணவன்.

"அந்தப் பேர்ல இப்ப யாருமில்ல. நான் சிகார்."

"விருந்துக்கு நான் வரலையே. எப்படி நம்பறது?" என்றது கருவி.

அவள் பையிலிருந்து இலையில் கட்டிய விருந்துச் சோற்றை எடுத்து மருந்துத் தட்டில் வைத்தாள். "இது உன் பங்கு."

தட்டு உள்ளே போனது.

"வாங்க, சிகார்" என்றது கருவி. "உங்க வீட்டுக்காரரோட பழைய பேர்தான் என்கிட்ட இருக்கு."

சிகார் இரண்டாவது பொட்டலத்தை எடுத்தாள்.