நடுவில் வாசித்த பெயர்

“மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவுல உத்தரிக்கிற ஸ்தலம் இருக்குல்ல, அதே மாதிரி உசுரோட இருக்கதுக்கும் செத்துப்போறதுக்கும் நடுவுல ஒண்ணு இல்லையா?”

ஞானோபதேச வகுப்பில் சிறுமி சுகிர்தம் ஒருநாள் இப்படிக் கேட்டாள். இல்லை என்று சொல்லி அவளை உட்காரவைத்தார் உபதேசியார்.

இன்று கல்லறைத் திருநாள். ராயப்பன்பட்டிக் கோயிலில் நிற்க இடமில்லை. பூசைக்கு முன், யார் யாருக்காகச் செபிப்பது என்று உபதேசியார்தான் பெயர்களை வாசிக்க வேண்டும். முதலில் உயிரோடு இருப்பவர்கள், பிறகு மரித்தவர்கள்.

சுகிர்தத்தின் அப்பா ஆரோக்கியசெல்வத்தை எதில் வாசிப்பது?

அவன் பிழைக்கப் போன ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. காட்டுவழியே நடந்து ஊர் திரும்பியவர்களில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

சற்றுமுன் கோயில் வாசலில் அவனுடைய அண்ணன் பீட்டர்ராஜ் வழிமறித்திருந்தான்.

“செத்தவனுக்குச் செபிக்காம விட்டா அவன் ஆத்துமாதான உபதேசியாரே கெடந்து வேகும்? செத்தவுகளோட வாசிச்சிருங்க.”

அவன் நகர்ந்ததும் சுகிர்தத்தின் அம்மா லூர்து மேரி வந்தாள்.

“நாளைக்கே அவுக வந்து நின்னு, என்னைய ஏன் கொன்னேன்னு கேட்டாகன்னா நான் என்ன சொல்ல?”

மரித்தவர்களோடு வாசித்துவிட்டால் மாலைக்குள் அவள் தாலியைக் கழற்ற வேண்டும். வாசிக்காமல் விட்டால், ஒருவேளை அவன் இறந்திருந்தால், அந்த ஆத்துமாவுக்கு யார் இருக்கிறார்கள்?

உபதேசியார் தாளைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

தெரியாததைத் தெரிந்ததாக ஆண்டவர் முன் சொன்னால் அது பொய்ச்சாட்சி. இருக்கிறான் என்றாலும் அப்படித்தான். இல்லை என்றாலும் அப்படித்தான்.

உயிரோடு இருப்பவர்களின் கடைசிப் பெயரும் முடிந்தது. அடுத்து, ‘மரித்த விசுவாசிகளுக்காக’ என்று தொடங்க வேண்டும்.

அவர் தொடங்கவில்லை.

யாரோ இருமினார்கள். பீடத்தருகே சாமியார் திரும்பிப் பார்த்தார்.

“ஆரோக்கியசெல்வம்.”

அவ்வளவுதான். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, அதன் பிறகே மரித்த விசுவாசிகளுக்காக என்றார்.

அந்தப் பெயர் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று கோயிலில் யாருக்கும் விளங்கவில்லை. லூர்து மேரி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பீட்டர்ராஜ் பூசை முடிந்த பிறகும் முழங்காலிலிருந்து எழவில்லை.

மாலையில் ஊர் முழுவதும் மெழுகுதிரிகளோடு கல்லறைத் தோட்டத்தில் நின்றது. வயல்வெளியில் ஆள் இல்லை.

பீட்டர்ராஜ் மட்டும் மாடுகளைப் பூட்டி, உழ ஆளில்லாமல் கிடந்த தம்பியின் வயலை இரண்டாம் போகத்துக்கு உழுதுகொண்டிருந்தான்.

ரங்கூன் அரிசி ஆலைக்குப் போக முதலில் பெயர் கொடுத்திருந்தவன் அவன்தான். கப்பல் ஏறும் வாரத்தில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். தம்பி ஒன்றும் கேட்காமல் அண்ணனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கடைசி உழவுச் சால் முடிந்ததும், செபம் முடிந்து ஊரார் திரும்புமுன், பீட்டர்ராஜ் மாடுகளை வேறு வழியாக வீட்டுக்கு ஓட்டிப் போனான்.