பதில் குரல்

விண்ணப்பங்களை மூட இன்னும் நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன.

காது, ஒலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காது என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். இஸ்லாமிய இசை மரபுகளுக்கு விருது கொடுக்கும் அலுவலகம் அது. வருகிற ஒலிப்பதிவுகளில் வெட்டு ஒட்டு இருக்கிறதா, யார் யாருடைய குரல் கேட்கிறது என்று சொல்வது அவள் வேலை.

"ரேடியோவே இல்லாத வீட்டுல வளர்ந்தேங்கிற. இந்தக் காது உனக்கு எங்கேருந்துடி வந்துச்சு?" என்று மேலாளர் அக்கா கேட்பாள். "சின்ன வயசு எதுவும் எனக்கு ஞாபகமில்லக்கா," என்பாள் அவள்.

மிச்சம் ஒரே ஒரு விண்ணப்பம். தப்ஸ் மேளம் அடித்துக்கொண்டு முனாஜாத் என்னும் இறைவேண்டல் பாட்டுப் பாடும் ஒருவருடையது. ஒரு தாள் குறைந்ததால் போன வருடம் அவரைத் தள்ளிவிட்டார்கள்.

பழைய நாடா ஒன்று. போன வாரம் பதிவு செய்தது ஒன்று. ஒரே பாட்டு. நடுவில் இருபத்திரண்டு வருடம்.

புதியதை முதலில் போட்டாள்.

அவர் ஓரடி பாடினார். நிறுத்தினார். தப்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மறுபடி பாடினார், மறுபடி நிறுத்தினார்.

அவள் அந்த இடைவெளிகளை அளந்தாள். ஆறு விநாடி. ஆறரை. ஒரு இடத்தில் ஒன்பது. மூச்சு வாங்க யாருக்கும் ஒன்பது விநாடி தேவைப்படாது.

பழையதைப் போட்டாள். அதே இடங்களில் ஒரு பெண் குழந்தை பாடியது.

குழந்தையின் குரலைப் பிரித்தெடுத்துப் புதிய பதிவின் இடைவெளிகளில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இடிக்கவில்லை. அந்தக் குரல் பாடி முடிக்கும்வரை அவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார். பத்தில் ஒரு விநாடிகூட முந்தவில்லை.

கழுத்துக்குப் பின்னால் சில்லென்றிருந்தது. ஏசியைக் குறைத்தாள்.

பிறகு பழைய பதிவில் அவர் குரலைக் குறைத்தாள். தப்ஸைக் குறைத்தாள். குழந்தை தனியாக நின்றது.

அது அடிக்கு நடுவில் வெடுக்கென்று மூச்சிழுத்தது. தன் நெஞ்சும் அதே நொடியில் ஏறியதை அவள் கவனித்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையும் நிறுத்தியது.

விட்டாள். குழந்தை தொடர்ந்தது.

பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தினாள். திரையில் கோடு அசையாமல் நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்போதும் அடுத்த அடி மெல்லக் கேட்டது.

தன் வாயைப் பொத்தினாள்.

நின்றுவிட்டது.

கதவு தட்டப்பட்டபோது விண்ணப்பங்களை மூட அரை மணி நேரம்தான் இருந்தது.

"பாடுனவரு வந்தாச்சு காது. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. முகத்துல என்னடி பேயறைஞ்ச மாதிரி?"

வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சட்டையின் மடிப்பு கலையாமலிருக்க நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். போன வருடம் குறைந்த அந்தத் தாளை மேலாளர் அக்கா அவர் முன்னால் வைத்தாள். பதிவில் கேட்கும் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சம்மதக் கையெழுத்து வேண்டும். குரலுக்கு உரியவர் இறந்திருந்தால் வாரிசு போடலாம். அதைச் சரிபார்த்து ஒலி அலுவலரும் போட வேண்டும்.

இரண்டாம் குரல்: மகள், வயது ஏழு. மறைவு.

பக்கத்தில் பிறந்த தேதி இருந்தது. காதின் விரல் அதன்மேல் போய் நின்றது.

"இதுல ஒரு வார்த்த பொய்யா இருந்தாலும் மூணு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது ஐயா," என்றாள் அக்கா. "படிச்சுப் பாத்துப் போடுங்க."

"மூணு வருஷமா?" அவர் சிரித்தார். "அதுக்குள்ள தப்ஸத் தூக்க நாலு பேரு, என்னத் தூக்க நாலு பேரு வேணும்மா. உள்ளதத்தான் எழுதியிருக்கேன்."

கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டுக் காதைப் பார்த்தார்.

"நீதான் கேட்டியாம்மா? எப்படிப் பாடியிருக்கா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"எனக்கு மூச்சு முடியிற எடத்துல அவ ஏறிக்கணும். கழுத, ஒருநாளும் தவறவிட்டதில்ல." அவர் தாளைத் தடவினார். "அவ உம்மாவும் நானும் பிரிஞ்சிட்டோம். பிள்ளைய எடுத்துக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா. காய்ச்சல்ல போயிடுச்சுன்னு நாப்பது நாள் கழிச்சு ஆள் விட்டுச் சொன்னா. வாப்பான்னு நான் இருந்தும் ஒரு பிடி மண்ணுகூடப் போடல."

அக்கா பேனாவைக் காதின் பக்கம் நகர்த்தினாள். மூட இன்னும் பத்து நிமிடம்.

போடவேண்டியது ஒரு கையெழுத்துதான். போட்டால் அவர் பாட்டு நடுவர்களிடம் போகும். தாளில் உள்ளது அப்படியே உண்மையாகிவிடும்.

காது பேனாவை எடுத்தாள்.

"விருது கெடைக்குதோ இல்லியோ, அது அல்லாஹ் விட்ட வழி," என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ குரல மட்டும் தனியா எனக்குப் பிரிச்சுத் தர முடியுமாம்மா?"

காது பேனாவை மூடி வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"வாப்பா," என்றாள். "நான் சாகல."